காயில் நன்றாகத்தான் இருந்தது

மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். பம்ப் மோட்டார், கம்ப்ரசர் மோட்டார், எப்போதாவது ஒரு லிப்ட் மோட்டார் என்று இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. மோட்டாரைக் கொண்டுவருபவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் மூக்கு சொல்லிவிடும், வைண்டிங் எரிந்திருக்கிறதா, பேரிங் மட்டும் போயிருக்கிறதா என்று. அந்தத் தைரியத்தில்தான் என் பிக்கப் வண்டியின் இன்ஜெக்டரிலும், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகத்திலும், மீட்டரை வைத்தேன். மூன்று வாரம் வீணாகப் போனது.

வண்டி 2.5 லிட்டர், நாலு சிலிண்டர், காமன் ரெயில் டீசல். பம்ப் அமுக்கும் டீசல் ரெயில் என்ற ஒரே குழாயில் சேர்ந்து, அங்கிருந்து நாலு இன்ஜெக்டருக்கும் போகும். 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. தொந்தரவு இதுதான்: காலையில் செல்ஃபைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். நாற்பது நிமிடம் ஓட்டிப்போய், ஒரு மோட்டாரை இறக்கிவைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும். எட்டு நொடி, பத்து நொடி. அப்புறம் ஒரு தும்மல் தும்மிவிட்டு ஸ்டார்ட் ஆகும். ஆன பிறகு ஒரு குறையும் தெரியாது. இழுவை பழையபடி இருந்தது. புகையும் இல்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி நல்ல பிள்ளை.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "அண்ணே, நாலு இன்ஜெக்டரும் போச்சு. செட்டா மாத்திடுங்க" என்றார். நாலையும் மாற்றுவது என்றால் சின்னச் செலவா? எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அனுபவம் என்றார். எனக்கும்தான் அனுபவம் இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் செய்த முதல் வேலை, நாலு இன்ஜெக்டரின் கனெக்டரையும் கழற்றிக் காயிலின் ஓம் அளந்தது. வேறு என்ன செய்வேன்? இந்த வகை இன்ஜெக்டரில் காயில் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கும் கீழே இருக்கும். சாதாரண மீட்டரின் ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும் என்பதால் முதலில் இரண்டு முனையையும் சேர்த்துவைத்துப் பார்த்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்துப் பார்த்தேன். நாலுமே 0.4 ஓம். மயிரிழை வித்தியாசம் இல்லை. பாடியோடு ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. சூட்டில் காயில் திறந்துகொள்ளுமோ என்று ஓடிவந்த வண்டியிலும் அளந்தேன். தாமிரம் சூடானால் எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவுதான் ஏறியிருந்தது. இன்ஜெக்டர் நாலும் சரி, அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

(இன்ஜின் ஓடும்போது அந்தக் கனெக்டரில் கை வைக்காதீர்கள். பாட்டரி 12 வோல்ட் என்றாலும், இன்ஜினின் கம்ப்யூட்டரான கண்ட்ரோல் யூனிட் இன்ஜெக்டரைச் சட்டென்று திறப்பதற்காக அதை 65, 80 வோல்ட் வரை ஏற்றித்தான் அடிக்கிறது. காயிலுக்குப் பதில் படிகம் வேலை செய்யும் பியசோ வகை என்றால் நூறையும் தாண்டும். மின்சாரத்தோடு பிழைப்பவன் சொல்கிறேன், கேளுங்கள்.)

இன்ஜெக்டர் சரி என்று முடிவு செய்ததால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். டீசல் ஃபில்டரை மாற்றினேன். அடியில் இரண்டு கரண்டி தண்ணீர் நின்றது, வேறொன்றும் இல்லை. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் ரம்பத்தால் அறுத்து, மடிப்பை விரித்து வெயிலில் பார்த்தேன். இது உருப்படியான வேலை. ஹை பிரஷர் பம்ப் உள்ளுக்குள் தேய்ந்து உதிர்ந்தால், அந்தப் பொடி, மிஞ்சும் டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் ரிட்டன் குழாய் வழியாக டாங்க்குக்குப் போய் மறுபடி ஃபில்டரில் வந்து மாட்டும். மடிப்பில் வெள்ளித்தூள் மின்னினால் அப்புறம் இன்ஜெக்டர் பேச்சே வேண்டாம். பம்ப், ரெயில், இன்ஜெக்டர், டாங்க் கழுவுவது எல்லாம் சேர்ந்த வேலை அது. என் ஃபில்டரில் கறுப்பு அழுக்குதான் இருந்தது, மினுமினுப்பு இல்லை.

அடுத்து, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் கண்ணாடி போலத் தெரியும் டியூப் ஒன்றைப் போட்டு ஏர் பிடிக்கிறதா என்று பார்த்தேன். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு குமிழ் ஓடியது, அப்புறம் சுத்தமாக ஓடியது. ரேஸ் கொடுத்தும் குமிழ் வரவில்லை. செல்ஃப் மோட்டார் சூட்டில் மெதுவாகச் சுற்றுகிறதோ என்று ஒரு சந்தேகம். டி.சி. கிளாம்ப்பை, கரண்டைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் மாட்டி, செல்ஃப் இழுக்கும் கரண்டைப் பார்த்தேன். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது கரண்ட் ஒரு மேடாக எழும். மேடு உயரமாக இருந்தால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நாலில் மூன்று ஒரே உயரம், ஒன்று மட்டும் கொஞ்சம் குட்டை. சுற்றும் வேகத்தில் குறையில்லை. அந்தக் குட்டை மேட்டைக் குறித்துவைத்துக்கொண்டேன், அதன் பொருள் அன்று புரியவில்லை.

மூன்றாவது வாரம்தான் புத்தி வந்தது. கண்ட்ரோல் யூனிட்டில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை ஒரு நண்பரிடம் கடன் வாங்கினேன். ஃபால்ட் கோட் எதுவும் இல்லை. கோட் இல்லாவிட்டால் குறை இல்லை என்று பலர் ஸ்கேனரைக் கழற்றிவிடுகிறார்கள். நான் அந்த நேரத்து எண்களைக் காட்டும் லைவ் டேட்டாவுக்குப் போய் ரெயில் பிரஷரைத் திறந்துவைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன். பார் என்பது அழுத்தத்தின் அலகு. காலையில் ஆறிய இன்ஜினில் ஒரு நொடிக்குள் 300 பாரைத் தொட்டது, ஸ்டார்ட். மதியம் நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டு அடித்தேன். 90, 110, 130... அங்கேயே முக்கிக்கொண்டு நின்றது. எட்டாவது நொடியில் எப்படியோ 200 பக்கம் எட்டிப்பார்த்தது, உடனே பிடித்துக்கொண்டது.

ரெயிலில் இத்தனை பார் சேர்ந்தால்தான் இன்ஜெக்டரைத் திறப்பேன் என்று கண்ட்ரோல் யூனிட் ஒரு கணக்கு வைத்திருக்கும். வண்டிக்கு வண்டி மாறும், 150இலிருந்து 250 பாருக்குள் இருக்கும். அது சேரும்வரை நீங்கள் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் சிலிண்டருக்குள் ஒரு சொட்டு டீசல் போகாது. என் வண்டியில் புகை வராததற்கும் காரணம் அதுதான். எரியாத டீசல் இருந்திருந்தால் நெடு நேரம் சுற்றும்போது பின்னால் வெள்ளைப்புகை குபுகுபு என்று வந்திருக்கும். இங்கே டீசல் உள்ளே போகவே இல்லை.

அப்படியானால் பம்ப் அமுக்கும் டீசல் எங்கே போகிறது? வெளியில் ஈரம் இல்லை, வாசனை இல்லை. பம்ப்பே அமுக்காமல் இருக்கலாம், ரெயிலின் முனையில் உள்ள பிரஷர் லிமிட்டர் வால்வு ஒழுகலாம், இல்லை இன்ஜெக்டர்கள் ரிட்டன் வழியாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். லிமிட்டரைப் பார்ப்பது சுலபம். அதன் ரிட்டன் குழாயைக் கழற்றி, ஒரு டியூபைப் போட்டுப் பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடித்தால் போதும். ஒரு சொட்டு வரவில்லை. அப்புறம் இன்ஜெக்டர் ரிட்டன்.

இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரே அளவில் நாலு பாட்டில், தலா ஒரு முழ டியூப். இன்ஜெக்டர் தலையில் குத்தியிருக்கும் ரிட்டன் குழாய்களை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு டியூபைத் தனித்தனிப் பாட்டிலுக்கு விட வேண்டும். கழற்றிய பொது ரிட்டன் குழாயை மறக்காமல் அடைக்க வேண்டும், ஏனென்றால் அது பம்ப்பின் ரிட்டனோடு சேர்ந்திருக்கும். நான் மறந்தேன். சட்டை முழுக்க டீசல். சில பியசோ இன்ஜெக்டர்களுக்கு ரிட்டனில் கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் வேலையே நடக்கும், அவற்றில் இப்படிக் குழாயைக் கழற்றிவிட்டுப் பார்க்க முடியாது. என்னுடையது காயில் வகை, அதனால் கவலையில்லை.

முதலில் ஆறிய இன்ஜினில் பார்த்தேன். ஐட்லிங்கில் மூன்று நிமிடம். முதல் பாட்டில் 16 மில்லி, இரண்டாவது 17, மூன்றாவது 26, நாலாவது 15. மூன்றாவது கூடத்தான், ஆனால் இதற்குப்போய் ஸ்டார்ட் ஆகாமலா இருக்கும் என்று தோன்றியது. சோதனையை அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்னும் மூன்று வாரம் போயிருக்கும். வியாதி சூட்டில்தானே வருகிறது? வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, கை சுடச்சுட மறுபடி பாட்டில் மாட்டினோம். கடையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பிதான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, "அண்ணே, மூணாவதைப் பாருங்க" என்றான். மற்ற மூன்றும் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்க, மூன்றாவதில் நூல் பிடித்தாற்போல ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிட முடிவில் 18, 20, 71, 17.

பிறகு இன்ஜினை நிறுத்தி வெறும் செல்ஃப் மட்டும் அடித்தோம். மற்ற மூன்றிலும் டியூப் நனைந்ததோடு சரி. மூன்றாவது மட்டும் பாட்டிலுக்குள் பீய்ச்சியது. பம்ப் பாவம், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

காயில் நன்றாக இருக்கும்போது இன்ஜெக்டர் எப்படிக் கெடும் என்ற கேள்விக்கு அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் விடை கிடைத்தது. விடை என் கடைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கான்டாக்டர், மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் காந்த சுவிட்ச். மோட்டாருக்குப் போகும் பெரிய கரண்டைக் கான்டாக்டரின் காயில் சுமப்பதில்லை. அது சும்மா இழுத்துப் பிடிக்கிறது, கரண்டைச் சுமப்பது பாயிண்ட் என்கிற உலோக முனை. காயில் புத்தம் புதிதாக இருக்கும், பாயிண்ட் கருகியிருக்கும். இன்ஜெக்டரும் அதே கதைதான். டீசல் பீய்ச்சும் முனைதான் நாசில், அதை மூடித் திறப்பது உள்ளே இருக்கும் ஊசி. அந்த ஊசியைத் தூக்குவது காயில் இல்லை. அத்தனை அழுத்தத்துக்கு எதிராக ஊசியைத் தூக்க அந்தச் சின்னக் காயிலால் முடியாது. ஊசிக்கு மேலேயும் கீழேயும் ஒரே ரெயில் பிரஷர்தான் நிற்கிறது. மேலே உள்ள சின்ன அறைக்கு ஒரு மூடி, அது குண்டூசித் தலை அளவு குண்டு ஒன்று. காயில் செய்வதெல்லாம் அந்தக் குண்டை ஒரு கணம் விடுவிப்பதுதான். மேல் அறையின் டீசல் ரிட்டனுக்கு ஓடிவிடும், மேலே அழுத்தம் குறையும், கீழே உள்ள அழுத்தமே ஊசியைத் தூக்கிவிடும்.

அந்தக் குண்டு உட்காரும் இடம் தேய்ந்தால் காயில் சும்மா இருக்கும்போதும் டீசல் ஒழுகும். உள்ளே இருக்கும் இடைவெளியெல்லாம் இரண்டு மூன்று மைக்ரான் கணக்கு. மனிதத் தலைமுடி 70 மைக்ரான் பக்கம் வரும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபில்டரைத் தப்பிவந்த தூசியும் தண்ணீரும் அங்கேதான் அரிக்கும். ஆறிய டீசல் கெட்டியாக இருப்பதால் அந்தத் தேய்மானத்தில் கொஞ்சம்தான் கசியும். சூடானால் டீசல் இளகி, தடையில்லாமல் போய்விடும். ஓடும்போது பம்ப் வேகமாகச் சுற்றுவதால் ஒழுகுவதையும் ஈடுகட்டிவிடும், செல்ஃப் அடிக்கும் வேகத்தில் அதற்கு முடியாது. ஆறினால் நல்ல பிள்ளை, சூட்டில் முரண்டு. எல்லாம் பொருந்திவிட்டது.

ஆனால் நடுவில் ஒரு குழப்பம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டில் சோதனைக்கு முன்னால் ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டரின் திருத்த அளவையும் பார்த்திருந்தேன். ஐட்லிங்கில் இன்ஜின் சீராகச் சுற்ற, எந்தச் சிலிண்டர் பின்தங்குகிறதோ அதற்குக் கண்ட்ரோல் யூனிட் டீசலைக் கூட்டும், முந்துவதற்குக் குறைக்கும். கூட்டினால் பிளஸ், குறைத்தால் மைனஸ். என் வண்டியில் இரண்டாவது சிலிண்டர் பிளஸ் 3.1. மூன்றாவது வெறும் 0.6. இந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இரண்டாவது இன்ஜெக்டரை மாற்றியிருப்பேன், மூன்றாவது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டே இருந்திருக்கும். ரிட்டனில் ஒழுகும் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள் சரியான அளவு ஊற்ற முடியும், அதனால் இந்தக் கணக்கில் அது மாட்டாமலும் போகும். அதே போல இந்த எண் பிளஸ் காட்டுவதாலேயே இன்ஜெக்டர் குற்றவாளி ஆகிவிடாது. கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டருக்கும் பிளஸ்தான் வரும்.

என் இரண்டாவது சிலிண்டரில் நடந்தது அதுதான். அந்தக் குட்டை மேடு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் காதை வைத்துக் கேட்டால் "சுஃப், சுஃப்" என்று ஒரு சத்தம் வரும், சூடானதும் அடங்கிவிடும். இன்ஜெக்டரைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் தார் ஊற்றி இறுகியது போலக் கறுப்பு. இன்ஜெக்டரின் அடியில் உட்காரும் செப்பு வாஷர் பிடிக்கவில்லை, எரிந்த வாயு பக்கவாட்டில் மேலே ஏறுகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் அந்தக் கரி இன்ஜெக்டரையே ஹெட்டோடு சேர்த்து வார்த்துவிடும்.

கழற்றும்போது அது தெரிந்தது. மற்ற மூன்றும் கையோடு வந்தன. இரண்டாவது இரண்டு நாள் எடுத்தது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, ஸ்பேனரால் இடம் வலமாக மயிரளவு அசைத்து, மறுபடி ஊற்றி, மறுநாள் ஸ்லைடு ஹேமர் போட்டு இழுத்தேன். நேராகத்தான் இழுக்க வேண்டும், நெம்பினால் உடம்பு வளைந்துவிடும். குழிக்குள் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்யும்போது அடியில் உள்ள துளையைக் கிரீஸ் தடவிய துணியால் அடைத்துக்கொண்டேன், கரி சிலிண்டருக்குள் விழாமல் இருக்க. பழைய செப்பு வாஷரைப் பழுக்கக் காய்ச்சித் திரும்பப் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. செம்பைக் காய்ச்சினால் இளகும் என்பது எனக்கும் தெரியும், தினமும் செம்போடுதான் புழங்குகிறேன். ஆனாலும் நாலுக்கும் புது வாஷர்தான் போட்டேன். அந்தத் தாரை இன்னொரு முறை சுரண்ட எனக்குப் பொறுமை இல்லை.

நாலையும், இன்ஜெக்டரைத் தனியாக ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினேன். மூன்றாவது ரிட்டன் அளவில் தோல்வி, மற்ற மூன்றும் தேறிவிட்டன. மூன்றாவதை மட்டும் மாற்றினேன். நாலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்ற பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு, ஒன்று தேய்ந்த வயதில் மற்றவையும் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அதைப் பாட்டில் சொல்லட்டும், பெஞ்ச் சொல்லட்டும். பானெட்டைத் திறக்காத ஆள் சொல்ல வேண்டாம். டாங்க்கில் ஊற்றும் மருந்துப் பாட்டில் பற்றியும் கேட்கிறார்கள். நாசில் முனையில் லேசாகப் படிந்த அழுக்கு என்றால் கொஞ்சம் உதவும். தேய்ந்த உலோகத்தை எந்த மருந்தும் வளர்த்துவிடாது.

புது இன்ஜெக்டரின் தலையில் ஒரு கோட் பொறித்திருக்கும். ஒவ்வொன்றும் தயாரிப்பில் மயிரளவு மாறுவதால், இது இவ்வளவு ஊற்றும் என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும் எண் அது. ஸ்கேனரில் அதை ஏற்றினேன். வண்டி ஐட்லிங்கில் டக் டக் என்று தட்டியது. மறுபடி எல்லாம் வீணா என்று வியர்த்துவிட்டது. டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகப் பார்த்தால், ஆங்கில 'B' எழுத்தை 8 என்று படித்து ஏற்றியிருக்கிறேன். திருத்தியதும் தட்டல் நின்றது.

என் குறை சாதுவான வகை. வேறு ஒரு வகை இருக்கிறது, அது வந்தால் இப்படி வாரக்கணக்கில் ஆராய்ச்சி செய்யக் கூடாது. ஊசி மூடாமல் திறந்தபடி மாட்டிக்கொண்டால் சிலிண்டருக்குள் டீசல் ஊற்றிக்கொண்டே இருக்கும். சுத்தியலால் அடிப்பது போல ஒரே சிலிண்டரில் தட்டல், வெள்ளைப்புகை, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறுவது, ஆயிலில் டீசல் நாற்றம். இதில் ஏதாவது இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தெரிந்தவர் ஒருவர் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று வந்தார், பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. கரும்புகை மட்டும் என்றால் அவசரப்பட்டு இன்ஜெக்டரைக் குறை சொல்லாமல் டர்போ ஹோஸ், ஏர் ஃபில்டர், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வு இவற்றை முதலில் பாருங்கள். காற்று குறைந்தாலும் கரும்புகைதான்.

பழைய மெக்கானிக்குகள் ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டரில் சத்தம் மாறவில்லை என்று பார்த்து மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிப்பார்கள். பழைய பம்ப் வண்டிக்கு அது அருமையான முறை. 1997இல் கார்களில் வந்த காமன் ரெயில் வகை டீசல் எதிலும் அதைச் செய்யாதீர்கள். ஐட்லிங்கிலேயே 300 பார், மிதித்தால் 1,600 தாண்டும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது, உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். பட்டுவிட்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி, டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லி. கசிவைத் தேடக்கூட விரலைக் கொண்டு போகாதீர்கள், ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. சூட்டில் செல்ஃப் ஒன்றரை நொடி. இரண்டாவது சிலிண்டரின் பிளஸ் 3.1, வாஷர் மாற்றியதும் 0.9க்கு இறங்கிவிட்டது. அந்த மெக்கானிக்கைப் போன வாரம் பார்த்தேன், "நான் அன்னைக்கே சொன்னேன்ல, இன்ஜெக்டர்னு" என்றார். கால்வாசி சரிதான் என்று சொன்னேன், சிரித்துவிட்டார்.

நாலு பாட்டிலையும் கழுவி மூடி போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒருமுறை மாட்டிப் பார்த்தோம், சூட்டில் மூன்று நிமிடம். 18, 21, 16. நாலாவது 17இலிருந்து 24 ஆகியிருக்கிறது. தம்பி தேதி போட்டுச் சுவரில் எழுதிவைத்திருக்கிறான்.